இலங்கையில் பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? பெயரை விடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள்

வேலந்தாவளத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் இலங்கை போகிறார்களாம்: கொழும்பு, கண்டி, நுவரெலியா, கடைசியில் யாழ்ப்பாணம். அப்பா பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியே காலம் கழித்தவர். அங்கே ரோட்டில் இன்னும் பழைய பிரிட்டிஷ் கார்கள் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டு ஆசைப்படுகிறார். எதைப் பார்த்து இன்ன வண்டி, இன்ன வருடம் என்று சொல்வது, நம்பர் பிளேட்டை நம்பலாமா, வீட்டு ஷெட்டில் நிற்கும் 1978 அம்பாசிடர் விண்டேஜ் கணக்கில் வருமா என்று மூன்று கேள்விகள். மேலோட்டமாகப் பார்த்தால் பெயர்ப் பட்டியல் கேட்பது போல இருக்கிறது. ஆனால் அவருக்கு வேண்டியது, கடந்து போகிற வண்டியை அரை நிமிஷம் பார்த்து எதுவரை தைரியமாகச் சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான். நான் கொழிஞ்சாம்பாறையில் பட்டறை வைத்திருப்பவன். பிரிட்டிஷ், இத்தாலிய வண்டிகளில் கை பழகியிருக்கிறது. அமெரிக்க வண்டிகளை வேடிக்கை பார்த்ததோடு சரி, கழற்றி மாட்டியதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. அப்பாவுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அவர் கண் ஏற்கெனவே தயார். அம்பாசிடர் என்பது 1956இல் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. அங்கே 1959இல் அதை நிறுத்திவிட்டார்கள். வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே உடம்பை 2014 மே மாதம் வரை அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய லேண்ட்மாஸ்டர், ஆக்ஸ்போர்டு சீரிஸ் 2. பிரீமியர் பத்மினி, ஃபியட் 1100 டி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. மெட்ராஸில் 1961 முதல் செய்தார்கள். நாலு கதவு ஹெரால்டு மட்டும் இங்கிலாந்தில் கிடையாது, அது நம்ம ஊர்ச் சரக்கு. ஆகவே கொழும்பில் ஒரு ஆக்ஸ்போர்டைப் பார்த்தால் அப்பா 'அம்பாசிடர்' என்றுதான் சொல்வார். திருத்தாதீர்கள். 'என்ன வித்தியாசம் தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். பானெட்டில் நீளவாக்கில் பள்ளம் விழுந்திருந்து, பின் மட்கார்டு நுனி சின்ன வால் போல நீட்டியிருந்தால் சீரிஸ் 3. பானெட் வழவழவென்று, பின்பக்கம் உருண்டையாக இருந்தால் சீரிஸ் 2. அதே முகம், ஆனால் மூக்கு மட்டும் நீளமாக இருக்கிறதே என்று அவர் முழித்தால், அது ஆறு சிலிண்டர் மாரிஸ் ஐசிஸாக இருக்க வாய்ப்பு உண்டு. அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அங்கே ஏன் இத்தனை மிச்சம் என்பதற்குக் காரணம் ரசனை அல்ல. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை இலங்கையில் புது வண்டி இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு. பிரிட்டிஷ் காலத்திலும் அதை ஒட்டியும் வந்து இறங்கியதையே தட்டிக் கொட்டி ஓட்ட வேண்டியிருந்தது. வடக்கே போரும் பொருளாதாரத் தடையும் அந்தக் கட்டாயத்தை இன்னும் நீட்டின. இந்த 2020இலிருந்து 2025 தொடக்கம் வரைகூடத் தனியார் கார் இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தட்டிக் கொட்டி ஓட்டிய வண்டியில் கழற்றக்கூடியது எதுவும் பிறந்தபோது இருந்ததாக இருக்காது. பெயர்ச் சின்னம், கிரில், வீல் கப், பம்பர், பெயின்ட் இவையெல்லாம் ஒரு நாள் வேலை. 1962 மைனரில் 1952 கிரிலை மாட்டிப் பழசாக்குவான், 1952 மைனரில் 1962 விளக்கை மாட்டிப் புதுசாக்குவான். ஆனால் கண்ணாடித் திறப்பின் அளவு, கதவு எந்தப் பக்கம் கீல் வைத்துத் திறக்கிறது, கூரையின் வளைவு, இவற்றை மாற்ற வேண்டுமென்றால் உடம்பையே வெட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு யாரும் போக மாட்டார்கள். அதனால்தான் கண்ணாடியைப் பாருங்கள் என்கிறேன்.

மாரிஸ் மைனரில் இதைப் பழகிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். இலங்கையில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவதும் அதுதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் இறக்கிய வண்டி. 1971 வரை பதினாறு லட்சத்துக்குக் கிட்ட வந்தது. முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டாக இருந்தால் 1956 கடைசிக்கு முந்தையது. ஒரே வளைந்த கண்ணாடியும் பெரிய பின் கண்ணாடியும் இருந்தால் 1956 கடைசியில் வந்த மாரிஸ் 1000, அல்லது அதற்குப் பிந்தையது. இரட்டைக் கண்ணாடி வண்டியில் முன் விளக்கு மட்கார்டு மேல் இல்லாமல் கிரிலுக்குப் பக்கத்தில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் அது ஆரம்ப கால வண்டி. நின்று பார்க்க வேண்டிய வண்டி. கதவுக்குப் பின்னால் தூணில் செங்குத்தாக ஒரு சின்னப் பொந்து இருந்தால், அதிலிருந்து ஒரு குச்சி விளக்கு வெளியே நீட்டித் திரும்புகிற பக்கத்தைக் காட்டும். 1961 வரை அப்படித்தான். பொந்தை அடைத்து பெயின்ட் அடித்திருந்தால்கூட வெயில் சாய்வாக விழும்போது டிங்கர் வேலை தெரிந்துவிடும், அப்பாவிடம் சொல்லி வையுங்கள். பின்பக்கம் மரச்சட்டம் வைத்து வீடு மாதிரி இருந்தால் அது டிராவலர். அந்த மரம் அலங்காரம் இல்லை, ஆஷ் மரத்தில் செய்த எலும்புக்கூடு. அது உளுத்துப் போனால் வண்டியின் பின்பாதியே போயிற்று.

ஒரு கொசுறு. மைனரின் பானெட் நடுவே மேடாக ஒரு பட்டை ஓடும். மாதிரி வண்டி ரொம்ப ஒடுக்கமாகத் தெரிகிறது என்று இசிகோனிஸ் அதை நீளவாக்கில் வெட்டி, நாலு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே நிச்சயம் செய்தார். பம்பர்கள் அதற்குள் தயாராகிவிட்டதால், ஆரம்ப வண்டிகளில் பம்பரை நடுவில் வெட்டித் துண்டு வைத்து இணைத்தார்கள். பம்பர் நடுவே அந்த ஒட்டு இருந்தால் மகிழலாம். ஆனால் பம்பர் போல்ட்டில் நிற்கும் சாமான், வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். பானெட் பட்டை வண்டிக்குச் சொந்தம், பம்பர் ஒட்டு சாட்சி மட்டுமே.

ஆஸ்டின்களும் நிறைய. தொந்தியும் தொப்பையுமாக உருண்டு, மட்கார்டுகள் கதவோடு கரைந்து போயிருந்தால் ஏ40 சாமர்செட், 1952க்கும் 54க்கும் இடையில். அதே 40 பெயரில் 1958இல் வந்த பெட்டி மாதிரியான சின்ன வண்டி முற்றிலும் வேறு. பெயர் ஒன்று என்பதால் ஏமாற வேண்டாம். அதைவிடக் குட்டியாக ஏ30, ஏ35 என்று இரட்டையர். பின் கண்ணாடி சிறிதாக இருந்தால் 30, பெரிதாக இருந்தால் 35. மறுபடியும் கண்ணாடிதான், பார்த்தீர்களா.

யாழ்ப்பாணத்தில் டாக்ஸியாகக் காலம் தள்ளிய வண்டிகளில் முக்கியமானது ஆஸ்டின் கேம்பிரிட்ஜ். கோடு போட்டு வரைந்தது போல நேரான உடம்பு, பின்னால் மீன் துடுப்பு மாதிரி வால். இத்தாலியின் பினின்ஃபரினா வரைந்த இந்த ஒரே உடம்பை 1959 முதல் ஆஸ்டின், மாரிஸ், எம்.ஜி., உல்ஸ்லி, ரைலி என்று ஐந்து பெயரில் விற்றார்கள். முகப்பும் சின்னமும் வால்முனையும்தான் மாறும். ஆகவே தூரத்தில் பின்புறம் மட்டும் தெரிந்து 'கேம்பிரிட்ஜ்' என்று கூவாதீர்கள், மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 5 அல்லது 6 ஆக இருந்துவிடும். வால் கூர்மையாக உயர்ந்திருந்தால் 1961க்கு முந்தைய ஏ55, தாழ்த்தி வெட்டியிருந்தால் பிந்தைய ஏ60 என்பது வரைக்கும் நம்பிச் சொல்லலாம். உல்ஸ்லியை இருட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும். விளக்குப் போட்டால் கிரில் நடுவில் அதன் சின்னமும் சேர்ந்து எரியும். இதில் அப்பாவுக்கு ஒரு விருந்து இருக்கிறது. அந்த ஏ55இன் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது 1489 சி.சி. பி சீரிஸ் எஞ்சின். அம்பாசிடரில் 1959 முதல் மாட்டியதும் அதுதான். டேப்பெட் கவரைப் பார்த்ததுமே சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிடுவார்.

அந்த எஞ்சின்களைப் பற்றி இன்னொன்று. 1990களில் வடக்கே பெட்ரோல் போகவிடாமல் தடுத்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மைனர்களும் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கதை அல்ல, நடந்தது. எப்படி முடிந்தது என்று கேட்டால், மெக்கானிக்காக எனக்கு இது ஆச்சரியமில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால் முதலில் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து எஞ்சினில் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை அமுக்கும் அளவு, குறைவு என்பதால் தட்டல் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். இன்றைய எஞ்சினில் இதைச் செய்தால் பிஸ்டன் கையில் வந்துவிடும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்த்துப் போகச் செய்யும். அடிக்கடி ஆயில் மாற்றாதவன் பேரிங்கைத் தின்றுவிடுவான். அப்படி வருஷக்கணக்கில் ஓடிய எஞ்சின்கள் எத்தனை முறை போரிங் செய்யப்பட்டிருக்கும், எத்தனை வண்டிக்கு ஜப்பான் எஞ்சின் மாற்றியிருப்பார்கள் என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. காது கொஞ்சம் உதவும். மைனர் ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் ஒரு தனிப் பொருமல் விடும். டீசல் தட்டல் கேட்டால் பேச்சே வேண்டாம், மாற்றியதுதான். ஆனால் சத்தம் சரியாக இருக்கிறது என்பதால் எஞ்சின் பிறந்த எஞ்சின் என்று ஆகாது. தெருவில் நின்றபடி எஞ்சினைப் பற்றிப் பேசுகிறவரை நம்பாதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.

நம்பர் பிளேட்டுக்கு வருவோம். நம்ம ஊரில் கே.எல்.பி. என்று பார்த்தால் 1989க்கு முந்தைய பாலக்காட்டு வண்டி என்று சொல்கிறோம் இல்லையா, அங்கேயும் அப்படி ஒரு அடுக்கு உண்டு. சி.எல்., இ.எல்., இ.என். என்று இரண்டு ஆங்கில எழுத்தோடு ஓடுவது மிகப் பழசு, 1950களின் பிற்பகுதிக்கு முன்னால் பதிவானது. அடுத்து, நடுவில் சிங்கள ஸ்ரீ எழுத்தும் இரண்டு பக்கமும் எண்களும். அதற்கடுத்து எழுத்தே இல்லாமல் எண், கோடு, எண். 2000க்குப் பிறகு மாகாண எழுத்தோடு புதிய முறை. அந்த ஸ்ரீ பிளேட் சாதாரண விஷயமில்லை. 1957, 58இல் தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தமிழில் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டிப் போராடியது. யாழ்ப்பாணத்தில் வயதானவர் ஒருவரிடம் பிளேட்டைப் பற்றிக் கேட்டால் கார் பேச்சு நின்று வேறு பேச்சு தொடங்கலாம். பொறுமையாக இருந்து கேளுங்கள். அது காரைவிடப் பெரிய சமாச்சாரம்.

ஆனால் பிளேட் சொல்வது அந்த நாட்டில் பதிவான காலத்தை. வண்டி பிறந்த வருடத்தை அல்ல. இங்கிலாந்தில் ஐந்து வருடம் ஓடிவிட்டு யாரோ துரையோடு கப்பலேறி வந்த வண்டி, வந்த வருடத்து எண்ணைத்தான் வாங்கியிருக்கும். ஆகவே ஆங்கில எழுத்து பிளேட்டில் ஒற்றைக் கண்ணாடி மைனர் நின்றால் இரண்டும் பொருந்துகின்றனவா என்று யோசியுங்கள். 1956 கடைசியில் வந்த வண்டியாக இருந்தால் பொருந்தும். 1960க்குப் பிந்தைய அடையாளங்கள் இருந்தால், பதிவுப் புத்தகம் ஒரு வண்டியுடையது, உடம்பு இன்னொன்றுடையது என்று சந்தேகப்படலாம். சந்தேகத்தை உரிமையாளரிடம் சொல்ல வேண்டாம்.

உரிமையாளர் நல்ல மனதோடு பானெட்டைத் திறந்து காட்டினால், அப்போதுதான் உறுதியான சங்கதி ஆரம்பிக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் ஒரு சின்ன எண் தகடு இருக்கும். 1950களின் கடைசிக்குப் பிந்தைய மைனரில் அது எம், ஏ என்று தொடங்கும். எம் என்றால் மாரிஸ், ஏ என்றால் ஏ சீரிஸ் எஞ்சின். அடுத்து 2எஸ் என்றால் இரண்டு கதவு, வெறும் எஸ் என்றால் நாலு கதவு, டபிள்யூ என்றால் டிராவலர். அதன் பின்னே 3 வந்தால் 948 சி.சி. காலத்து வண்டி, 5 வந்தால் 1962க்குப் பிந்தைய 1098 சி.சி. டைனமோவிலும் செல்ப் மோட்டாரிலும் லூகாஸ் கம்பெனி செய்த மாதத்தையும் வருடத்தையும் குத்தியிருக்கும். அது அந்தச் சாமானின் வயது, வண்டியின் வயது இல்லை. என்றாலும் நாலைந்து சாமான் ஒரே வருடத்தைச் சொன்னால், அந்த வண்டியை அதிகம் நோண்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நுவரெலியா பக்கம் லேண்ட் ரோவர் கண்ணில் படும். நெல்லியாம்பதி ஜீப்புகளைப் பார்த்த கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத் தெரியும். விளக்குகள் நடுவில் கிரிலை ஒட்டி இருந்தால் பழசு, மட்கார்டுக்குப் போயிருந்தால் 1960களின் கடைசிக்குப் பிந்தையது. ஃபோக்ஸ்வாகன் வண்டு வண்டிகளும் அங்கே ஏராளம். பின் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953 தொடக்கத்துக்கு முன், முட்டை வடிவில் ஒன்றாக இருந்தால் 1957 வரை, அகன்ற சதுரமானால் அதற்கு மேல். முட்டைக் கண்ணாடி கிடைத்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

மற்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்காக நாலு வரி. ஜெர்மனியில் வேலை சுலபம்: பிளேட்டின் கடைசியில் ஹெச் இருந்தால் முப்பது வருடம் தாண்டி, பழைய வண்டி என்று சான்று பெற்றது. இங்கிலாந்தில் கருப்புப் பலகையில் வெள்ளி எழுத்து இருந்தால் 1980க்கு முந்தையது. 1963க்கும் 1983க்கும் இடைப்பட்ட எண்களில் கடைசி எழுத்தே வருடத்தைச் சொல்லும். இத்தாலியில் நம் ஃபியட் 1100இன் மூத்த பிறப்புகளைத் தேடுங்கள், ஆரம்ப கால வண்டிகளில் முன் கதவு தலைகீழாகப் பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும். வளைகுடாவில் இருப்பவர்கள் ரோட்டில் தேடி அலையாமல் ஷார்ஜாவின் பழைய கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்வரலாம். கியூபாவில் 1950களின் அமெரிக்க வண்டிகள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் பலவற்றின் வயிற்றில் டீசல் எஞ்சின். வெளியே ஷெவர்லே, உள்ளே வேறு ஊர்.

படம் எடுப்பதில் ஒரு ஒழுக்கம் வேண்டும். வண்டி மேல் சாயாதீர்கள், கதவுக் கைப்பிடியைத் தொடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் 'அண்ணை, காரைப் பார்க்கலாமோ?' என்று கேட்டால் பெரும்பாலும் அவரே பானெட்டைத் திறந்துவிடுவார். முகாம், காவல் நிலையம் பக்கத்தில் நிற்கும் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் போனை எடுக்க வேண்டாம். விலை கேட்காதீர்கள், கேட்டால் வாங்க வந்தவன் என்று நினைத்துப் பேச்சின் ருசி போய்விடும்.

கடைசியாக ஷெட்டில் நிற்கும் 1978 அம்பாசிடர். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியதுதான் விண்டேஜ். ஆகவே 2028க்கு முன் பேச்சில்லை. அப்போது பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வருவது புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, சேசிஸ், உடம்பு, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டாக்ஸியாக ஓடிய வண்டி என்கிறீர்கள். 1980க்குப் பிறகு நம்ம பக்கத்து டாக்ஸிக்காரர்கள் பெட்ரோலைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் இறக்கியது வழக்கம்தான். அப்பா அப்படிச் செய்திருந்தால் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேட வேண்டி வரும், இப்போதே ஆர்.சி. புத்தகத்தை எடுத்து எஞ்சின் எண்ணைச் சரி பாருங்கள். இரண்டு, விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய் வரலாம். அப்பாவுக்கு வாரம் ஒருமுறை பொள்ளாச்சிச் சந்தைக்கு அதில் போய்வர ஆசை என்றால், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவதுதான் அவருக்கு ஒத்துவரும்.